ஆக்சிஜன் குப்பியில் நிற்கும் தண்ணீர்

2021 ஏப்ரல் 19 அன்று கலம்போலியிலிருந்து காலி டேங்கர் லாரிகளை ரயிலில் ஏற்றி விசாகப்பட்டினத்துக்கு அனுப்பி, திரவ ஆக்சிஜன் நிரப்பி வந்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஓய்வு பெற்ற ரயில்வேக்காரனான எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அதே நாட்களில் சீத்தா கேம்ப்பில் என் வீட்டிலேயே ஒரு தவறு செய்துகொண்டிருந்தேன்.

என் துணைவியாருக்காக ஆக்சிஜன் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். காற்று வறண்டு மூக்கை எரிக்காமலிருக்க அது ஒரு தண்ணீர்க் குப்பி வழியே குமிழியிட்டு வரும். தண்ணீர் குறையக் குறைய, டிரம்மில் பிடித்து வைத்ததையே மேலே ஊற்றிவந்தேன். நர்ஸ் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துவிட்டு, "மாமா, இதை நீங்க குடிப்பீங்களா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. எஞ்சினில் அழுத்தக் காற்றுத் தொட்டியின் அடியில் தேங்கும் நீரை டிரெயின் காக் திறந்து தினமும் வெளியேற்றச் சொல்லி எத்தனை பேரை அதட்டியிருக்கிறேன்! அங்கே துருதான் பிடிக்கும். இங்கே சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியா. அதற்கு மிகச் சொற்பத் தீனியே போதும். தேங்கிய நீரும் நம் ஊர்ப் புழுக்கமும் போதும். குப்பியின் உட்சுவரில் வழவழப்பாய்ப் படிந்துவிட்டால், புதுத் தண்ணீர் ஊற்றியும் போகாது.

இதைவிட ஆபத்து, மருந்தைப் புகையாக்கும் நெபுலைசரில். அதன் துளிகள் 1 முதல் 5 மைக்ரான். நேரே நுரையீரலின் ஆழத்துக்குப் போகும். பாக்டீரியாவும் ஏறக்குறைய அதே அளவுதான், டிக்கெட் இல்லாமல் கூடவே பயணம் செய்யும். 1960களில் அமெரிக்காவில் டல்லஸ் நகர மருத்துவமனை ஒன்றில், இத்தகைய கருவிகளிலிருந்தே நோயாளிகளுக்கு நிமோனியா வருவதைக் கண்டார்கள். நீர்த்த அசிடிக் அமிலத்தால் கருவிகளைச் சுத்தம் செய்யத் தொடங்கியதும் நோய் குறைந்தது. (வீட்டில் வினிகர் பரிசோதனை வேண்டாம்.)

2021இல் கரும்பூஞ்சை பரவியபோது, குப்பியில் கிருமி நீக்கிய நீரையே பயன்படுத்தும்படி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அறிவுறுத்தியது. சர்க்கரையும் ஸ்டீராய்டும்தான் அந்நோய்க்குப் பெரிய காரணங்கள் என்றாலும், தண்ணீரை அவர்கள் விட்டுவிடவில்லை.

ஆகவே மருத்துவமனையில் உங்களவர் படுத்திருந்தால், குப்பியில் என்ன தண்ணீர், கடைசியாக எப்போது முழுதும் கொட்டி மாற்றினார்கள் என்று சிஸ்டரிடம் தயங்காமல் கேளுங்கள். பக்கத்துப் படுக்கைக்காரரின் நெபுலைசர் மாஸ்க்கை வாங்கி மாட்டாதீர்கள். வீட்டில், மிஞ்சிய மருந்தைக் கொட்டி, மருந்துக் கிண்ணத்தையும் வாய்ப்பகுதியையும் சோப்பு நீரில் கழுவுங்கள். உற்பத்தியாளர் அனுமதித்திருந்தால் தினம் ஒருமுறை 5 நிமிடம் கொதிக்க வையுங்கள். ஈரத்தோடு டப்பாவில் மூடாதீர்கள்.

துணைவியார் தேறிவிட்டார். பேத்தியின் நெபுலைசர் கிண்ணம் தினமும் எங்கள் சமையலறையில் வெள்ளைத் துணிமேல் கவிழ்ந்து காய்கிறது. அதை யாராவது நகர்த்தினால் முதலில் சத்தம் போடுபவர் அவர்தான்.