உங்களுக்குத் தெரியுமா? ஏற்றத்தைத் தீர்மானிக்கும் 41 பற்கள்

பதுளை சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை 1,200 மீற்றரைத் தாண்டும். அந்த ஏற்றத்தில் கொழுந்து லொறி திணறாமல் ஏறுவதும், தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் பின்சில்லு இழுக்கும் வண்டி புழுதி பறக்கக் கிளம்புவதும் டிஃபரன்சியலுக்குள் இருக்கும் கிரவுன் வீல், பினியன் என்ற பற்சக்கரச் சோடியைப் பொறுத்தவை.

கிரவுன் வீலில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் விகிதம் 4.1. இருந்த 3.7ஐக் கழற்றி இதைப் போட்டால் சில்லுக்குப் போகும் இழுவை சுமார் 11 வீதம் கூடும். அதே இன்ஜின் சுற்றில் வேகம் 10 வீதம் குறையும். கால் மைல் டிராக் பந்தயக்காரர்கள் விரும்பிச் செய்யும் மாற்றம் இது.

41 தற்செயலான எண்ணல்ல. 40 என்றால் பினியனின் ஒவ்வொரு பல்லும் என்றைக்கும் அதே 4 பற்களையே உரசும். 41இல் எல்லாப் பற்களையும் மாறி மாறிச் சந்திப்பதால் தேய்மானம் சமமாகப் பரவும். எவ்வளவு அழகான கணக்கு!

இரண்டும் சோடியாகவே தேய்த்துப் பொருத்தப்பட்டவை, ஒன்றை மட்டும் மாற்றவே கூடாது. பொருத்தும்போது பற்களுக்கிடையிலான ஆட்டத்தைப் பல கார்களில் சுமார் 0.15 முதல் 0.20 மில்லிமீற்றராக வைப்பார்கள். பிறகு பல்லில் மசி பூசிச் சுற்றுவார்கள். தடம் பல்லின் அடியில் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது. ஷிம் எனும் மெல்லிய தகட்டை மாற்றி அதை வெளியே எடுக்க வேண்டும்.

புதுப் பல்லோடு முதல் நாளே பாரமேற்றி மலையேறாதீர்கள். வெறும் வண்டியாகச் சிறிது தூரம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள்.