கைக்குப் பாரமில்லாத உலோகம்

ஹட்டனில் எங்கள் வாப்பா நடத்துவது பழைய இரும்புக் கடை. தோட்டங்களில் தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தி முதல் பழுதான செயின் சோ வரை எல்லாம் அங்கே வந்து சேரும். வெள்ளையாக இருந்து, காந்தத்தில் ஒட்டாவிட்டால் அலுமினியக் குவியலில் போட்டுவிடுவோம். சென்ற வருடம் வரை அப்படித்தான்.

ஒருநாள், எங்களிடம் அலுமினியம் வாங்கி உருக்கி வார்க்கும் ஒருவர் இரண்டு கைகளிலும் கட்டோடு வந்தார். அன்று அவர் பானையில் போட்டவற்றில் பாதிக்கு மேல் செயின் சோவின் உடற்பகுதிகள். கண் கூசும் வெள்ளை ஒளியோடு உலோகம் பற்றியிருக்கிறது. தண்ணீர் ஊற்றியதும் வெடித்துச் சிதறியிருக்கிறது. அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் வாப்பா அன்றிரவு சாப்பிடவில்லை.

செயின் சோ உடல்கள் பலவும் மகனீசியக் கலப்புலோகத்தால் வார்க்கப்படுபவை. பழைய வொக்ஸ்வாகன் பீட்டில் காரின் எஞ்சின் உறையும் அதுவே. ஆய்வுகூடத்தில் மகனீசிய நாடா எரிவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே பொருள் வாப்பாவின் தராசில் கிடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை! எரியும் மகனீசியம் நீரிலுள்ள ஒட்சிசனைப் பறித்துக்கொள்ளும். வெளியேறும் ஐதரசன் தீப்பிடித்து வெடிக்கும். காபனீரொட்சைட்டு அடித்தாலும் அணையாது, அதிலும் எரியும். 1955இல் பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில் மகனீசிய உடல் கொண்ட கார் எரிந்தபோதும் தண்ணீர் தீயை வளர்க்கத்தான் செய்தது. இத்தகைய தீக்கென்று உள்ள உலர் தூள்களில் ஒன்றின் முக்கியப் பொருள், நம் சமையலறையில் இருக்கும் உப்புத்தான்.

அப்படியானால் இந்தக் கழிவை வீசிவிடுவதா? இல்லை, முறையாகச் செய்தால் மீண்டும் வார்க்கலாம். மகனீசியம் 650 பாகை செல்சியஸில் உருகும். களிமண் பானை ஆகாது, அதிலுள்ள சிலிக்காவுடன் தாக்கம் புரியும். உருக்குப் பானைதான் வேண்டும். காற்றுப் படாமல் உருகிய உப்புப் படலமோ பாதுகாப்பு வாயுவோ மேலே மூடியிருக்க வேண்டும். போடும் துண்டும் அகப்பையும் ஈரமின்றிச் சூடாக்கப்பட்டிருக்க வேண்டும். சிறிதளவு இரும்பு கலந்தாலும் புதிய பாகம் விரைவில் அரித்துப்போகும் என்பதால் மங்கனீசு சேர்ப்பார்கள். அது இரும்பைச் சேர்த்துக்கொண்டு அடியில் படியும். பிறகு உருக்கு அச்சில் அழுத்தி வார்ப்பார்கள். எண்ணெயும் வர்ணமும் படிந்த துண்டுகள்தான் பெரிய தொல்லை.

புதிதாக மகனீசியம் எடுக்க டொலமைட்டை ஏறக்குறைய 1,200 பாகையில் காய்ச்ச வேண்டும். ஆம், கவ்வாத்து வெட்டிய மலைகளில் மண்ணின் புளிப்பைக் குறைக்கத் தூவுகிறார்களே, அதே டொலமைட். பழையதை உருக்க அந்தச் சக்தியில் மிகச் சிறு பங்கே போதும்.

இதையெல்லாம் நம் ஊர் அடுப்பில் செய்ய முடியாது. ஆனால் பிரிக்க முடியும். ஒரே அளவுள்ள அலுமினியத்தின் பாரத்தில் மகனீசியம் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. சந்தேகமென்றால் அரத்தால் ஓரிடத்தைச் சுரண்டி ஒரு சொட்டு வினாகிரி விடுவேன். மகனீசியம் உடனே நுரைக்கும், அலுமினியம் சும்மா இருக்கும். சுரண்டிய தூளை மட்டும் நெருப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

இப்போது எங்கள் கடையில் ஒரு தனிப் பெட்டி இருக்கிறது. உம்மாவின் வினாகிரிப் போத்தல்தான் அடிக்கடி காணாமல் போகிறது.