திடீரென்று ஃபிரிட்ஜ் நின்றுவிட்டால்...

ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜ் திடீரென்று நின்றுவிட்டதா? கடைக்குப் புறப்படுமுன் பழைய வாரண்டி அட்டையை எடுத்துப் பாருங்கள். பொதுவான வாரண்டி முடிந்திருந்தாலும், பல ஃபிரிட்ஜ்களின் கம்ப்ரசருக்குத் தனியாக 10 ஆண்டு வரை வாரண்டி உண்டு.

புதிது வாங்கியே ஆகவேண்டும் என்றால், 'வட்டியில்லாத் தவணை' என்றதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 0 சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. பிராசசிங் கட்டணமாகவோ, கைநழுவும் ரொக்கத் தள்ளுபடியாகவோ அந்த வட்டி நம் தலையில்தான் விழுகிறது. 24,000 ரூபாய் ஃபிரிட்ஜுக்கு ரொக்கத் தள்ளுபடி 1,500, கட்டணம் 500 என்று வைத்துக்கொண்டால், தவணையில் வாங்குபவருக்கு 2,000 ரூபாய் கூடுதல் செலவு. ஆகவே ரொக்க விலை, தவணையின் மொத்தத் தொகை இரண்டையும் கேட்டு ஒப்பிடுங்கள்.

அடுத்த திடீர்ச் செலவுக்கு இப்போதே வழி செய்யலாம். அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கை மாதம் 100 ரூபாயில் தொடங்க முடியும். ஓராண்டு தவறாமல் கட்டினால், இருப்பில் பாதி வரை கடனும் பெறலாம். கடன் வாங்கித் தவணை கட்டுவதைவிட, முன்கூட்டியே சேமித்து ரொக்கமாக வாங்குவதே குடும்பத்துக்கு லாபம். இந்த மாதமே தொடங்குங்கள்!