பிலிமுக்கு எந்த நிறம் தெரியும்?

இராயபுரம் ரயில் நிலையத்தின் பழைய கட்டடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை ஓடியது. கட்டடத்தின் சுவர்களுக்கு அடர் சிவப்பு வண்ணம். வரிசையாக நிற்கும் தூண்களுக்கு வெள்ளை.

இந்தக் கட்டடத்தை ஒரே நாளில், ஒரே இடத்தில் நின்று, மூன்று முறை கறுப்பு-வெள்ளைப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் படத்தில் சுவர் நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்கிறது. இரண்டாவதில் கரி பூசியதுபோல் கறுத்துவிடுகிறது. மூன்றாவதிலோ சுவர் வெளுத்து, தூண்களோடு ஒன்றிப்போகிறது. காமிரா ஒன்றுதான், சுவரும் ஒன்றுதான். பிறகு மாறியது எது? பிலிமும், லென்சின் முன் வைத்த வடிகட்டியும்தான். இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போமா?

வெள்ளி உப்பின் குறை

பிலிம் என்பது ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளின்மேல் பூசப்பட்ட ஒரு மெல்லிய ஜெலாட்டின் படலம். அதில் வெள்ளி புரோமைடு போன்ற உப்புகளின் நுண்ணிய படிகங்கள் கலந்திருக்கின்றன. ஒரு படிகத்தின்மேல் ஒளி பட்டால் அதில் சில வெள்ளி அணுக்கள் பிரிந்து ஒரு புள்ளியாகச் சேர்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத இந்த உருவத்தை டெவலப்பர் கரைசல் பெருக்கிக் காட்டுகிறது. ஒளிபட்ட படிகம் முழுவதும் கறுநிற உலோக வெள்ளியாகிவிடுகிறது.

ஆனால் எல்லா ஒளியும் இந்த வேலையைச் செய்துவிடாது. அலைநீளம் குறைந்த ஒளிக்கு ஆற்றல் அதிகம். அலைநீளம் கூடிய ஒளிக்கு ஆற்றல் குறைவு. நம் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை உள்ள ஒளியைக் காண்கிறது. வெள்ளி புரோமைடோ ஊதா, நீலம் ஆகியவற்றுக்கு மட்டுமே இணங்கும். சுமார் 500 நானோமீட்டருக்கு மேல் அதற்கு இருட்டுதான்! மிகப் பழைய புகைப்படங்களில் நீல வானம் வெறும் வெள்ளையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இக்குறையைப் போக்கும் வழியை 1873இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் வோகல் கண்டார். சில சாயங்களை வெள்ளி உப்போடு சேர்த்தால், சாயம் உறிஞ்சும் நிறத்துக்கு உப்பும் இணங்குகிறது. சாயம் ஒளியை வாங்கி அதன் ஆற்றலைப் படிகத்துக்குக் கொடுக்கிறது. சாயத்தை மாற்றினால் பிலிமின் 'பார்வை'யும் மாறும்.

மூன்று வகைப் பார்வை

ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம் நீலத்தையும் பச்சையையும் காணும், சிவப்பைக் காணாது. ஆகவே சிவப்புச் சுவர் கறுப்பாகிறது. இல்ஃபோர்டு நிறுவனத்தின் ஆர்த்தோ பிளஸ் இவ்வகையைச் சேர்ந்தது. இதில் இன்னொரு வசதி உண்டு. இருட்டறையில் உரிய சிவப்பு விளக்கை எரியவிட்டு, உருவம் மெல்லத் தோன்றுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பான்குரோமாட்டிக் பிலிம் சிவப்பு உட்பட எல்லா நிறங்களையும் காணும். இன்று கிடைக்கும் கறுப்பு-வெள்ளைப் பிலிம்களில் பெரும்பாலானவை இவ்வகையே. இதன் முன் சிவப்பு வடிகட்டியை வைத்தால் சிவப்பு ஒளி மட்டும் உள்ளே வரும். அப்போது சிவப்புச் சுவர் வெளுக்கும்; நீல வானம் கறுக்கும்.

மூன்றாவது வகை, நம் கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்புக் கதிர்களையும் ஓரளவு காணும் பிலிம். ரோலெய் இன்ஃப்ராரெட் 400 இதற்கு எடுத்துக்காட்டு. 720 நானோமீட்டருக்குக் குறைந்த ஒளியைப் பெரும்பாலும் தடுக்கும் கருஞ்சிவப்பு வடிகட்டியோடு இதைப் பயன்படுத்துவார்கள். இத்தகைய படங்களை 1910இல் முதன்முதலாக வெளியிட்டவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட்.

எண்ணூர் மரங்களைக் கேட்போம்

சரி, இந்த விந்தையால் என்ன பயன்? இராயபுரத்திலிருந்து வடக்கே திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போவோம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம் இது. இங்கே உப்பு நீரில் அலையாத்தி மரங்கள் வளர்கின்றன. இறாலும் மீன்குஞ்சுகளும் இவற்றின் வேர்களுக்கிடையே வளர்கின்றன. அவற்றை நம்பி மீனவர் குடும்பங்கள் வாழ்கின்றன. அனல் மின் நிலையச் சாம்பல் இந்தக் கழிமுகத்தில் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படகுகளிலும் மரங்களிலும் அப்பியது.

ஒரு மரம் நலமாக இருக்கிறதா, வாடிக்கொண்டிருக்கிறதா என்று அறிய அகச்சிவப்புப் படம் உதவும். பசுமையான இலையில் உள்ள பச்சையம் சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் உறிஞ்சிக்கொள்கிறது. அகச்சிவப்பை அது உறிஞ்சுவதில்லை. இலைக்குள் செல்களுக்கும் அவற்றிடையே உள்ள காற்றறைகளுக்கும் நடுவே அக்கதிர்கள் பலமுறை சிதறி, பெரும்பகுதி வெளியே திரும்பிவிடுகின்றன. அதனால் படத்தில் நலமான மரம் பனி மூடியதுபோல் வெண்மையாகத் தெரியும். நீர் அகச்சிவப்பை உறிஞ்சுவதால் கழிமுகம் கறுப்பாகத் தெரியும். இலையின் உள்ளமைப்பு சிதையும்போது இந்த வெண்மை குறைகிறது. பயிர்களையும் காடுகளையும் கண்காணிக்கும் செயற்கைக்கோள்களும் சிவப்பையும் அகச்சிவப்பையும் ஒப்பிட்டே பசுமையை அளக்கின்றன.

ஆனால் அவசரப்படக்கூடாது. படத்தில் ஒரு மரம் மங்கலாக இருந்தால் அது நோயுற்றது என்று உடனே சொல்லிவிட முடியுமா? அதன்மேல் மேகநிழல் விழுந்திருக்கலாம். இலையில் சாம்பல் படிந்திருக்கலாம். நீங்கள் ஒளியைக் குறைவாக விட்டிருக்கலாம். ஆகவே நலமான மரம் ஒன்றையும் அதே படத்துக்குள் கொண்டுவாருங்கள். அதோடு சாம்பல் நிற அட்டை ஒன்றையும் வெயிலில் நிறுத்துங்கள். அதே இடத்தைச் சாதாரணப் பான்குரோமாட்டிக் பிலிமிலும் எடுங்கள். ஒப்பிட ஒன்று இருந்தால்தான் படம் சான்றாகும். இல்லாவிட்டால் அது வெறும் வேடிக்கைப் படமே.

எப்படி எடுப்பது?

நல்ல வெயிலில் ஒரு எளிய விதி உண்டு. துளையை எஃப் 16இல் வைத்தால், ஷட்டர் நேரம் ஏறத்தாழ 'பிலிம் வேகத்தின் தலைகீழ்'. ஆர்த்தோ பிளஸின் வேகம் பகலொளியில் 80. எனவே எஃப் 16இல் சுமார் 1/80 விநாடி. காமிராவில் 1/60 வைக்கலாம். குண்டு பல்பின் ஒளியில் இதே பிலிமின் வேகம் 40தான். அந்த ஒளியில் சிவப்பு மிகுதி, நீலம் குறைவு என்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்.

அகச்சிவப்புப் பிலிமின் பெட்டியில் 400 என்று அச்சிட்டிருந்தாலும், கருஞ்சிவப்பு வடிகட்டி பெரும்பகுதி ஒளியைத் தடுத்துவிடும். வேகம் 12 என்று எண்ணிக்கொண்டு தொடங்குங்கள். துளை எஃப் 11 எனில் ஷட்டர் 1/30 விநாடி. பிறகு அதே காட்சியை 1/15, 1/8 விநாடிகளிலும் எடுங்கள். முக்காலி அவசியம். அகச்சிவப்புக் கதிர்கள் லென்சில் சற்று வேறிடத்தில் குவிவதால், பழைய லென்சுகளில் இதற்கென்றே ஒரு சிறு சிவப்புக் குறி இருக்கும். தொலைவை அந்தக் குறிக்கு நேராக வையுங்கள். பிலிமை நிழலில் வைத்தே காமிராவில் மாட்டுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் எண், நேரம், துளை, ஷட்டர், வடிகட்டி ஆகியவற்றை நோட்டில் உடனே எழுதுங்கள். படச்சுருள் கழுவி முடிந்தபின் நினைவு கைகொடுக்காது.

உங்கள் தாத்தாவின் பெட்டியில் 'இந்து' என்ற பெயருள்ள பழைய பிலிம் கிடைக்கலாம். இது உதகமண்டலத்தில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. 1960இல் நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த அரசு நிறுவனம் இப்போது மூடப்பட்டுவிட்டது. காலாவதியான பிலிமில் வேகம் குறைந்திருக்கும், மூட்டமும் படர்ந்திருக்கும். பத்தாண்டுக்கு ஒரு மடங்கு வீதம் ஒளியை இரட்டிப்பாக்கி முயன்று பார்க்கலாம். ஆனால் அது விளையாட்டுக்குத்தான். மீண்டும் கிடைக்காத காட்சியை அதில் எடுக்கவேண்டாம்.

வெப்பமும் உப்புக்காற்றும்

வடசென்னையில் பிலிமுக்கு இரண்டு பகைவர்கள்: வெப்பமும் ஈரமான கடற்காற்றும். பிலிமைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காதீர்கள். ஓரிரு மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரட்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த பிலிமின்மேல் ஈரம் முத்துமுத்தாகப் படியும்.

டெவலப்பருக்கு வழக்கமான வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். கோடையில் சென்னைக் குழாய் நீர் 30 டிகிரியைத் தாண்டும். வேதிவினை வேகமாக நடந்து படம் அளவுமீறிக் கறுக்கும். டெவலப்பர் பாத்திரத்தைப் பனிக்கட்டி போட்ட தொட்டி நீரில் நிறுத்தி, வெப்பமானியால் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். வேதிப்பொருள்களைக் கையாளும்போது கையுறை அணியுங்கள். ஆசிரியரோ பெரியவரோ உடன் இருக்கட்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. துறைமுகமும் மின் நிலையங்களும் பாதுகாக்கப்பட்ட இடங்கள். அனுமதியின்றி அங்கே படமெடுக்கக் கூடாது. ரயில் நிலையத்திலும் அதிகாரிகளிடம் கேட்டே காமிராவை எடுங்கள். கழிமுகத்துக்கு ஆசிரியருடனும், அந்த நீரை அறிந்த மீனவர் ஒருவருடனும் செல்லுங்கள். எந்த மரம் எப்போது இலை உதிர்க்கத் தொடங்கியது என்று அவரைக் கேளுங்கள். அவர் சொல்வதையும் உங்கள் நோட்டில் படத்தின் எண்ணுக்கு நேராக எழுதிவையுங்கள்.

அடுத்த ஆண்டு அதே மாதத்தில், அதே இடத்தில் நின்று, அதே பிலிமில் மறுபடியும் எடுங்கள். இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அந்த மரம் தேறியிருக்கிறதா, இல்லையா என்று உங்களால் காரணத்தோடு சொல்ல முடியும்.