அந்தோனியாரின் பூர்வீகம் ஆப்பிரிக்கா

‘வெள்ளைக்காரன் மதம்’ என்று கிறிஸ்தவத்தைச் சொல்வது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கோயில்களில் தினமும் கூப்பிடப்படும் பெயர்களின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், அவை வேறு கதை சொல்கின்றன.

சேலத்திலிருந்து விருத்தாசலம் போகும் ரயில் பாதையில், தலைவாசலுக்கும் சின்னசேலத்துக்கும் நடுவே இருக்கிறது மேல்நாரியப்பனூர் ஸ்டேஷன். மற்ற நாட்களில் நிற்காமல் போகும் ரயில்கள் சிலவற்றுக்கு, ஜூன் மாதத்தில் மட்டும் தெற்கு ரயில்வே இங்கே தற்காலிக நிறுத்தம் கொடுக்கும். ஜூன் 13-ம் தேதி அந்தோனியார் திருவிழா. மொட்டை போட்ட குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டும், கையில் மெழுகுவத்தியோடும் வந்து குவியும் கூட்டத்தில் இந்துக் குடும்பங்களும் நிறைய. வடக்கே கல்வராயன் மலை நீலமாகத் தெரிய, தெருவெல்லாம் ‘அந்தோனியாரே’ என்ற குரல்.

அந்தக் குரல் போய்ச் சேரும் சொரூபம் நமக்குப் பழகியதுதான். பழுப்பு அங்கி, கையில் குழந்தை இயேசு, ஒரு லீலி மலர், வெளுத்த ஐரோப்பிய முகம். ஆனால், ‘அந்தோனி’ என்ற அந்தப் பெயர் அவருக்கு எங்கிருந்து வந்தது?

இரவல் பெயர்

மேல்நாரியப்பனூரில் வணங்கப்படும் பதுவை அந்தோனியார் 1195-ல் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பனில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் ஃபெர்னாண்டோ. இளம் வயதிலேயே அகுஸ்தினார் சபையில் சேர்ந்து, கோயம்ப்ரா நகரத்து மடத்தில் படித்துக்கொண்டிருந்தார். 1220-ல் மொராக்கோவில் ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகள் கொல்லப்பட்டு, அவர்களின் உடல்கள் கோயம்ப்ராவுக்கு வந்தன. அதைப் பார்த்தபின் ஃபெர்னாண்டோவுக்கு மடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. பிரான்சிஸ்கன் சபைக்கு மாறினார். அவர் போய்ச் சேர்ந்த சின்ன மடம், எகிப்து நாட்டு அந்தோனியார் பெயரில் இருந்தது. அந்தப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். தானும் மொராக்கோ போய் உயிரைக் கொடுப்பேன் என்று கப்பலேறினார். போன இடத்தில் நோயில் விழுந்தார். திரும்பும்போது காற்று அந்தக் கப்பலை சிசிலித் தீவுக்குத் தள்ளிக்கொண்டு போனது. அவர் இத்தாலிக்குப் போனதும், 1231 ஜூன் 13-ல் பதுவை நகரருகே இறந்ததும் அதனால்தான்.

முதலில் அவர் ஏற்றுக்கொண்ட துறவற ஒழுங்கு, இன்றைய அல்ஜீரியாவில் பிறந்த அகுஸ்தினாருடையது. பிறகு எடுத்துக்கொண்ட பெயர் எகிப்துடையது. உயிரை விட ஆசைப்பட்ட மண் மொராக்கோ. மூன்றுமே ஆப்பிரிக்கா.

மலைச் சுனையும் காய்கறிப் பாத்தியும்

பெயர் கொடுத்த அந்த மூத்த அந்தோனியாரைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ‘வனத்து அந்தோனியார்’ என்பார்கள். நீண்ட தாடி, கையில் கோல், மணி, காலடியில் ஒரு பன்றி. சனவரி 17 அவர் திருநாள். மாட்டுப் பொங்கலை ஒட்டி வருவதால், அன்று ஆடு மாடுகளைக் கோயிலுக்கு ஓட்டி வந்து மந்திரித்துக்கொண்டு போகிற ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு.

கி.பி. 251 வாக்கில் நடு எகிப்தில் ஒரு வசதியான விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இருபது வயதை எட்டும்போது பெற்றோர் இறந்துவிட்டார்கள். மிச்சமிருந்தது ஒரு தங்கையும், நம் கணக்கில் சுமார் 200 ஏக்கர் நல்ல நிலமும். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்ற நற்செய்தி வாசகம் கோயிலில் காதில் விழுந்தது. நிலத்தை ஊராருக்கே கொடுத்தார். தங்கைக்கு ஒரு வழி செய்துவிட்டு ஊரைவிட்டு ஒதுங்கினார். கல்லறைகளிலும் பாழடைந்த கோட்டையிலும் பல வருடம் தனியே இருந்தார். கடைசியில், செங்கடல் பக்கத்து மலை ஒன்றின் அடிவாரத்தில் சுனையும் பேரீச்ச மரங்களும் இருந்த இடத்தில் தங்கினார். கிரேக்கம் தெரியாது, பேசியது எகிப்து மக்களின் காப்டிக் மொழி. கூடை முடைவார். தேடி வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கொஞ்சம் காய்கறி போட்டார்.

அந்தப் பாத்தியைப் பற்றி ஒரு சம்பவம் அவரது வரலாற்றில் வருகிறது. சுனைக்குத் தண்ணீர் குடிக்க வரும் காட்டு விலங்குகள் பயிரை மேய்ந்து மிதித்துவிட்டுப் போகும். ஒருநாள் அதில் ஒன்றை மெல்லப் பிடித்து, உங்களுக்கு நான் ஒரு தீங்கும் செய்யவில்லையே, எனக்கு ஏன் செய்கிறீர்கள், இனி இந்தப் பக்கம் வராதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். விலங்குகள் அதன்பின் வரவில்லையாம். சாமையும் தினையும் விளைகிற மலைக்காட்டில் காட்டுப்பன்றிக்காக இராக்கண் விழித்தவர்களுக்கு, அந்தோனியாரின் கவலை நன்றாகவே புரியும். லிஸ்பன்காரரைவிட இந்த எகிப்துக்காரர்தான் கல்வராயன் மலைக்காரருக்குச் சொந்தக்காரர் போலத் தெரிகிறார்.

356-ல், 105 வயதில் இறந்தார் என்கிறது அந்த வரலாறு. அவர் தங்கிய மலையடியில் இன்றும் மடம் இயங்குகிறது. துறவு மடம் என்கிற ஏற்பாட்டையே உலகக் கிறிஸ்தவம் எகிப்திடமிருந்துதான் கற்றது. தனித்துறவுக்கு அந்தோனியார் வழிகாட்டினார். 320-ஐ ஒட்டி நைல் நதிக்கரையில் பக்கோமியு என்பவர், பலர் சேர்ந்து உழைத்துச் சேர்ந்து சாப்பிடும் மடத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய மடங்களெல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

அகஸ்டின், மோனிக்கா, சீமோன்

சின்னசேலத்திலோ உளுந்தூர்ப்பேட்டையிலோ ஒரு பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் அகஸ்டினும் மோனிக்காவும் கட்டாயம் இருப்பார்கள். அகுஸ்தினார் 354-ல் தகாஸ்தே என்ற ஊரில் பிறந்தார். இன்று அது அல்ஜீரியாவின் சூக் அஹ்ராஸ். அவர் தாய் மோனிக்கா. அந்தப் பெயரே வட ஆப்பிரிக்காவின் பெர்பர் மக்களுடையது என்பது ஆய்வாளர்கள் கருத்து. தறிகெட்டுப் போன மகனுக்காக வருடக்கணக்கில் அழுது வேண்டிய தாய் அவர். மிலான் நகரில் இருந்த அகுஸ்தினாரின் மனதைப் புரட்டியதில் எகிப்து அந்தோனியாரின் கதைக்கும் பெரிய பங்கு உண்டு. அதை அவரே எழுதியிருக்கிறார். பிறகு ஊர் திரும்பி, ஹிப்போ நகரின் ஆயராக, 430-ல் வண்டால் படைகள் நகரை முற்றுகையிட்டிருந்தபோது இறந்தார். மேற்கத்திய இறையியல் இன்றுவரை அவர் போட்ட பாதையில் நடக்கிறது.

தவக்காலத்துச் சிலுவைப் பாதையில் ஐந்தாம் நிலை எல்லோருக்கும் தெரியும். இயேசுவின் சிலுவையைச் சுமக்க உதவும் சீமோன், சீரேன் ஊர்க்காரர். சீரேன் இருந்தது இன்றைய லிபியாவில். திருத்தூதர் பணிகள் நூலில் தேரில் போகும்போது வேதம் படித்து, வழியிலேயே ஞானஸ்நானம் பெறும் அதிகாரி எத்தியோப்பியர் என்று அந்நூலே சொல்கிறது. இன்றைய சூடானில் இருந்த மெரோவே அரசியின் கருவூலத்தைப் பார்த்தவர். நான்காம் நூற்றாண்டில், இன்றைய எத்தியோப்பியாவின் அக்சும் நகரை ஆண்ட எசானா மன்னர் கிறிஸ்தவராகித் தன் நாணயத்தில் சிலுவையைப் பொறித்தார். ஐரோப்பாவின் பெரும்பகுதி அப்போது கிறிஸ்தவத்தை ஏற்றிருக்கவில்லை.

நம் வீடுகளில் இருக்கும் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை, அந்த 27 மட்டுமே என்று வரையறுத்து நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பட்டியல் 367-ல் எழுதப்பட்டது. எழுதியவர் எகிப்தின் அலெக்ஸாந்திரியா ஆயர் அத்தனாசியார். அரசர்களோடு முரண்பட்டு ஐந்து முறை நாடு கடத்தப்பட்டவர். வனத்து அந்தோனியாரின் வரலாற்றை எழுதியவரும் அவரே.

அந்த அலெக்ஸாந்திரியா தமிழனுக்கும் அந்நியமில்லை. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் தமிழ் பிராமியில் பெயர் எழுதிய பானை ஓடு கிடைத்திருக்கிறது. அந்தக் கடல்வழியில் மிளகோடு செய்தியும் போய்வந்தது. இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் அலெக்ஸாந்திரியா மறைப்பள்ளியின் தலைவர் பாந்தேனுஸ் இந்தியாவுக்கு வந்ததாகப் பழைய திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் குறிக்கிறார். ஆறாம் நூற்றாண்டில் கேரளக் கரையிலும் இலங்கையிலும் கிறிஸ்தவர்கள் இருப்பதை எழுதி வைத்தவர் காஸ்மாஸ் என்ற அலெக்ஸாந்திரிய வணிகர். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்க அதன்பின் ஏறக்குறைய 950 வருடம் இருந்தது.

கைகொடுத்துத் தூக்கியவள்

ஆப்பிரிக்கா தந்த எல்லாவற்றிலும் நம் மாவட்டத்துக்கு மிக அவசரமானது ஒரு சிறைக் கதை. இன்றைய துனிசியாவில் இருந்த கார்த்தேஜ் நகரம். 203, மார்ச் 7. கிறிஸ்தவர் என்பதற்காகச் சிறைப்பட்ட பெர்பெத்துவா நல்ல குடும்பத்துப் பெண், வயது 22 இருக்கும், கையில் பால் குடிக்கும் பிள்ளை. பெலிசித்தா அடிமைப் பெண், சிறைக்கு வந்தபோது எட்டு மாத கர்ப்பிணி. கர்ப்பிணியைக் கொல்லக் கூடாது என்பது ரோமச் சட்டம். சிறையிலேயே பெலிசித்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரையும் அரங்கில் மூர்க்கமான பசுவின் முன் தள்ளினார்கள். அது பெர்பெத்துவாவை முட்டி எறிந்தது. எழுந்தவள், தன் கிழிந்த உடையைச் சரிசெய்துகொண்டு சுற்றிலும் பார்த்தாள். பெலிசித்தா நசுங்கிக் கிடந்தாள். கிட்டப் போய்க் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். சீமாட்டியும் அடிமையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பெர்பெத்துவா சிறையில் எழுதிய குறிப்புகள், கிறிஸ்தவப் பெண் ஒருத்தி எழுதியவற்றில் நமக்குக் கிடைத்த மிகப் பழையவற்றில் ஒன்று. இன்றும் பூசையின் முதல் நற்கருணை மன்றாட்டில் இருவர் பெயரும் சேர்ந்தே வரும்.

இதே மாவட்டத்தின் எறையூரில், 2008 மார்ச் மாதத்தில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டிக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சாதி மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். ஒரே கோயில், ஒரே நற்கருணை, ஆனால் தேர் போகும் தெருவும் பிணம் போகும் வழியும் வேறு வேறு. பெர்பெத்துவா நீட்டிய கையை நாம் இன்னும் பிடிக்கவில்லை என்பதுதான் இதன் பொருள்.

முகம் எப்படி வெளுத்தது?

ஏழாம் நூற்றாண்டில் எகிப்தும், 698-ல் கார்த்தேஜும் அரபுப் படைகளிடம் விழுந்தன. வட ஆப்பிரிக்காவின் இலத்தீன் திருச்சபை மெல்ல மெல்ல மறைந்தது. எகிப்தின் காப்டிக் திருச்சபையும் எத்தியோப்பியத் திருச்சபையும் உயிரோடு நின்றன. ஐரோப்பாவின் கண்ணில் அவை படவில்லை. தென்னாற்காட்டுக் கிராமங்களுக்கு நற்செய்தி வந்தது புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் குருக்கள் வழியாகவும், 1860-களிலிருந்து டேனிஷ் லுத்தரன் மிஷன் வழியாகவும். பள்ளியும் ஆஸ்பத்திரியும் கட்டி உழைத்தவர்கள் அவர்கள். அந்தக் கடனை மறக்கக் கூடாது. ஆனால், கொண்டுவந்தவரின் முகத்தையே கொண்டுவந்த பொருளின் முகமாக நாம் எடுத்துக்கொண்டோம்.

அகுஸ்தினாரும் அந்தோனியாரும் என்ன நிறம் என்று சண்டை போட இதை எழுதவில்லை. அன்றைய வட ஆப்பிரிக்காவில் பெர்பர், எகிப்தியர், பியூனிக்கர், ரோமர் எனப் பலரும் கலந்திருந்தார்கள். சொல்ல வருவது இவ்வளவுதான்: கிறிஸ்தவத்துக்குப் பிறந்த வீடு ஆசியா, வளர்ந்த வீடுகளில் பெரியது ஆப்பிரிக்கா. ஐரோப்பா அந்த வீட்டில் பாடம் படித்த மாணவன்.

மறைக்கல்வி வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கும் பங்குச் சாமியார்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோயில் சுவரில் ஆப்பிரிக்கா வரைபடம் ஒன்றை மாட்டுங்கள். சீரேன், அலெக்ஸாந்திரியா, கார்த்தேஜ், ஹிப்போ, அக்சும் ஆகிய ஐந்து ஊர்களையும் பிள்ளைகள் விரல் வைத்துக் காட்டட்டும். அடுத்த ஜூன் 13-ல் மேல்நாரியப்பனூரில் அந்தோனி என்று ஒரு குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது, நிலத்தை ஊராருக்குக் கொடுத்த எகிப்து விவசாயி மகனின் பெயர் இது என்று அந்தத் தாயிடம் சொல்லுங்கள். பெலிசித்தாவின் கையைப் பிடித்துத் தூக்கிய பெர்பெத்துவாவின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.