பார்சிலோனா துறைமுகத்தில் ஒரு நடை

ஸ்பெயின் செல்லும் வாய்ப்புப் பெறும் வணிக அன்பர்கள் பார்சிலோனாவின் பழைய துறைமுகத்தை நடந்தே பார்க்க வேண்டும். 1888-இல் எழுப்பிய கொலம்பஸ் தூணிலிருந்து கடலோரமாகச் சென்றால் முன்பு மரத்தடிகள் இறங்கிய துறை வரும். இன்று அது உலாவும் சாலை. சரக்குக் கப்பல்கள் தெற்கே போய்விட்டன.

அடுத்து வருவது 'லொட்ஜா' மாளிகை. 1994 வரை பங்குச் சந்தை இங்குதான் இருந்தது. வெளித்தோற்றம் பிற்காலத்தது, உள்ளிருக்கும் கூடமோ 14-ஆம் நூற்றாண்டினது. நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுவே. அக்காலத்தில் கப்பல்காரருக்கும் சரக்குக்காரருக்கும் எழுந்த வழக்குகளைத் தீர்த்த கடல் மன்றத்தின் இருப்பிடம் இது. வாய்தா வாங்கியே சலித்துப்போன நமக்குப் பொறாமையாக இருக்கிறது, அங்கே வழக்கைக் கேட்டவர்கள் தொழில் தெரிந்தவர்கள்! புயலில் கப்பலைக் காக்க மூட்டைகளைக் கடலில் எறிந்தால் நட்டத்தை எப்படிப் பங்கிடுவது என்பதுவரை நூலாக எழுதி வைத்தார்கள். கப்பலில் பூனை இல்லாமல் எலி சரக்கைக் கடித்துவிட்டால் கப்பல்காரரே ஈடு தர வேண்டுமாம். மளிகைக் கடைக்காரருக்கு இதன் அருமை புரியும். மத்தியதரைக் கடல் துறைமுகங்கள் பலவும் இந்நூலைப் பின்பற்றின.

மேலே நடந்தால் 19-ஆம் நூற்றாண்டுப் பெருங்கிடங்கு. 1996 முதல் அது அருங்காட்சியகம். மீன்பிடிப் படகுகள் மட்டும் பழைய மணிக்கூண்டருகே இன்றும் மீனை இறக்குகின்றன.