வெப்பத்தை இறைக்கும் இயந்திரம்: குளிர்காலத்தில் 'ஏசி'க்கு என்ன வேலை?

சிட்னி நகர மையத்திலிருந்து வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், பிளாக்டவுன் நகரசபை எல்லைக்குள் இருக்கும் குவேக்கர்ஸ் ஹில், தெற்காசியாவிலிருந்து குடியேறிய பல குடும்பங்கள் வாழும் புறநகர்ப் பகுதி. கடற்காற்று எளிதில் எட்டாத இப்பகுதியில் கோடையும் கடுமை, குளிரும் கடுமை. இங்கிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பென்ரித்தில் 2020 ஜனவரி 4ஆம் தேதி 48.9 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. இதே மேற்கு சிட்னியில், ஜூலை மாதத்து அதிகாலைகளில் வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே இறங்குவதும் வழக்கமே.

இந்த இரு பருவங்களையும் சமாளிக்கப் பல வீடுகளில் இரண்டு சாதனங்கள் இருக்கின்றன. கோடைக்குச் சுவரில் பொருத்திய 'ஏசி'. குளிருக்குக் கடையில் மலிவாக வாங்கிய மின்சார ஹீட்டர். ஆனால், ஆஸ்திரேலிய வீடுகளில் சுவரில் பொருத்தப்படும் ஏசிகளில் பெரும்பாலானவை 'ரிவர்ஸ் சைக்கிள்' வகையைச் சேர்ந்தவை. ஐரோப்பாவில் 'ஹீட் பம்ப்' என்று பேசப்படுவதும் அடிப்படையில் இதே இயந்திரம்தான். வெப்ப நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு 'ஏசி' என்றால் குளிர்ச்சி என்றே மனதில் பதிந்துவிட்டதால், வீட்டிலுள்ள மிகச் சிக்கனமான வெப்பமூட்டி குளிர்காலம் முழுவதும் அணைந்தே கிடக்கிறது.

இடம் மாறும் வெப்பம்

சாதாரண மின்சார ஹீட்டர், கம்பிச் சுருளைச் சூடாக்கி வெப்பத்தை உண்டாக்குகிறது. அது உட்கொள்ளும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பமே கிடைக்கும். ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு செல்கிறது. பள்ளத்திலுள்ள நீரைத் துலாவால் மேட்டுக்கு இறைப்பதைப் போன்றது இது. நீரைப் படைக்கத் தேவையில்லை. இறைக்கும் உழைப்பு மட்டுமே தேவை.

நடுங்க வைக்கும் 5 டிகிரி காற்றில் வெப்பம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி எழலாம். நமக்குக் குளிரானது என்பதால் அதில் வெப்பமே இல்லை என்று பொருளாகாது. தன்னைவிடக் குளிர்ந்த பொருளுக்கு அந்தக் காற்றும் வெப்பத்தைக் கொடுக்கும். அத்தகைய குளிர்ந்த பொருளாகச் செயல்படுவது, இயந்திரத்தின் குழாய்களில் சுற்றிவரும் குளிர்பதன வாயு. இன்றைய பல ஏசிகளில் பயன்படும் ஆர்32 என்ற வாயு, சாதாரண காற்றழுத்தத்தில் சுமார் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகக் கூடியது.

ஒரு திரவம் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். மண்பானையின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிரச் செய்வது இதனால்தான். குளிர்காலத்தில் வீட்டுக்கு வெளியேயுள்ள பெட்டியில், குளிர்பதனத் திரவம் வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு ஆவியாகிறது. அந்த ஆவியை கம்ப்ரெசர் அழுத்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் போல, அழுத்தப்பட்ட ஆவி வெகுவாகச் சூடாகிறது. அது வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு வந்து மீண்டும் திரவமாகும்போது, தான் சுமந்து வந்த வெப்பத்தை அறைக்குள் விட்டுவிடுகிறது. பின்னர் ஒரு குறுகலான வால்வு வழியாகச் சென்று, அழுத்தம் குறைந்து குளிர்ந்து, மீண்டும் வெளியே போகிறது.

கோடையில் இந்தச் சுற்று அப்படியே திரும்புகிறது. 'ரிவர்சிங் வால்வு' என்ற சிறிய பாகம் வாயு பாயும் திசையை மாற்றிவிட, அறையின் வெப்பம் எடுக்கப்பட்டு வெளியே கொட்டப்படுகிறது.

பத்திரிகையாளரின் கண்டுபிடிப்பு

இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாற்றில் ஆஸ்திரேலியாவுக்கும் முக்கிய இடமுண்டு. ஸ்காட்லாந்திலிருந்து குடியேறி, மெல்பர்னுக்கு அருகிலுள்ள ஜீலாங் நகரில் பத்திரிகை ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் ஹாரிசன், 1850களில் ஈதரை ஆவியாக்கி மீண்டும் அழுத்தும் முறையில் பனிக்கட்டி தயாரிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அதே காலகட்டத்தில், 1852இல், இதே தத்துவத்தைக் கொண்டு கட்டடங்களைச் சூடாக்கவும் முடியும் என்று பின்னாளில் கெல்வின் பிரபு என அறியப்பட்ட வில்லியம் தாம்சன் எடுத்துரைத்தார்.

கட்டணத்தில் என்ன வேறுபாடு?

ஒரு நல்ல ரிவர்ஸ் சைக்கிள் இயந்திரம், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று முதல் ஐந்து யூனிட் வரை வெப்பத்தை வீட்டுக்குள் சேர்க்கும். உதாரணமாக, 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்று தினமும் ஐந்து மணி நேரம் இயங்கினால் 10 யூனிட் செலவாகும். அதே அளவு வெப்பத்தைத் தர, நான்கு மடங்கு பலன் தரும் ஹீட் பம்புக்கு இரண்டரை யூனிட் போதும். யூனிட்டுக்கு 35 சதம் என்று வைத்துக்கொண்டால், 90 நாள் குளிர்காலத்தில் முன்னதற்கு 315 டாலர், பின்னதற்குச் சுமார் 79 டாலர்.

குளிர் என்பது வசதிக் குறைவு மட்டுமன்று. உயிராபத்தும்கூட. 13 நாடுகளின் தரவுகளைக் கொண்டு 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, ஆஸ்திரேலியாவில் வெப்பத்தைவிடக் குளிருடன் தொடர்புடைய மரணங்களே பல மடங்கு அதிகம் என்று காட்டியது. மொத்த மரணங்களில் குளிருடன் தொடர்புடையவற்றின் விகிதம் பனி உறையும் ஸ்வீடனைவிடவும் கூடுதலாக இருந்தது. ஆஸ்திரேலிய வீடுகள் குளிரைத் தடுக்கும் வகையில் கட்டப்படுவதில்லை என்ற நெடுநாள் விமர்சனத்துக்கு இது வலுச் சேர்க்கிறது. வெப்பத்தின் ஆபத்தும் குறைத்து மதிப்பிடக் கூடியதன்று. 2009 ஜனவரி இறுதியில் விக்டோரியா மாநிலத்தைத் தாக்கிய வெப்ப அலையின்போது, வழமையைவிட 374 பேர் கூடுதலாக இறந்ததாக அம்மாநில சுகாதாரத் துறை மதிப்பிட்டது. முதியவர்களை இரு பருவங்களிலும் காக்க ஒரே சாதனம் உதவும் என்பதே ஹீட் பம்பின் சிறப்பு.

எரிவாயுவிலிருந்து விலகல்

விக்டோரியாவில் இந்த மாற்றம் அரசின் கொள்கையாகவே ஆகியிருக்கிறது. பாஸ் நீரிணையிலிருந்து இயற்கை எரிவாயு 1969இல் மெல்பர்னை வந்தடைந்த பின்னர், வீடுகளைச் சூடாக்குவதற்கு அதுவே பிரதான எரிபொருளாயிற்று. இப்போது அந்த வயல்கள் வற்றி வருகின்றன. திட்ட அனுமதி தேவைப்படும் புதிய வீடுகளுக்கு எரிவாயு இணைப்புக் கூடாது என்ற விதி, விக்டோரியாவில் 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பாவில் 2022இல் உக்ரைன் போரால் எரிவாயு விலை உயர்ந்தபோது ஹீட் பம்ப் விற்பனையும் உயர்ந்தது. கடுங்குளிர் நாடான நோர்வேயில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் இவை இருக்கின்றன என்பது, குளிரில் இவை வேலை செய்யா என்ற ஐயத்துக்குப் பதிலாகும்.

வரம்புகள்

எனினும் இது சர்வரோக நிவாரணி அன்று. வெளிக்குளிர் மிகும்போது இயந்திரத்தின் பலன் குறையும். 45 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலிலும் அப்படியே. ஈரமான குளிர்க் காலைகளில் வெளிப் பெட்டியில் உறைபனி படிவதுண்டு. அதை உருக்க, இயந்திரம் சில நிமிடங்கள் தானே திசை மாறி இயங்கும்; உள்ளே சூடு நின்று, வெளியே ஆவி கிளம்பும். பழுதாகிவிட்டதென்று அணைத்துவிடத் தேவையில்லை. கோடையில் ஒவ்வொரு வீடும் தன் வெப்பத்தைத் தெருவில் கொட்டுகிறது. ஆர்32 வாயு கசிந்தால், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் சுமார் 675 மடங்கு புவியைச் சூடாக்கும் என்பதையும் மறக்கலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூரையிலும் கதவிடுக்கிலும் வெப்பம் ஒழுகும் வீட்டில் எந்த இயந்திரமும் ஓட்டை வாளியில் நீர் இறைப்பதையே செய்யும்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியது விலையை மட்டுமல்ல. 2020 முதல் இத்தகைய ஏசிகளில் ஒட்டப்படும் மின்திறன் அட்டை, நாட்டை வெப்பம், மிதம், குளிர் என மூன்று மண்டலங்களாகப் பிரித்து, குளிரூட்டலுக்கும் வெப்பமூட்டலுக்கும் தனித்தனியே நட்சத்திரங்களைக் காட்டுகிறது. சிட்னியில் வாழ்பவர் மித மண்டலத்தையும், மெல்பர்னில் வாழ்பவர் குளிர் மண்டலத்தையும் பார்க்க வேண்டும்.

யார் முடிவு செய்வது?

தொழில்நுட்பம் சார்ந்த கேள்விகளுக்கு விடை இருக்கிறது. அரசியல் சார்ந்த கேள்வியே எஞ்சுகிறது. வாடகை வீட்டில் இயந்திரத்தின் விலையைச் செலுத்த வேண்டியவர் வீட்டு உரிமையாளர். மின்கட்டணத்தைச் செலுத்துபவர் குடியிருப்பவர். சேமிப்பு தனக்கு வராத நிலையில் உரிமையாளருக்கு அக்கறை எழுவதில்லை. புதிதாகக் குடியேறியவர்களில் பலர் வாடகை வீடுகளிலேயே வாழ்க்கையைத் தொடங்குகிறார்கள். விக்டோரியாவில் வாடகை வீட்டின் கூடத்தில் நிலையான வெப்பமூட்டி இருக்க வேண்டுமென 2021இல் விதி வந்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2020இல் வகுத்த ஏழு குறைந்தபட்சத் தரங்களில் வெளிச்சம், காற்றோட்டம், குடிநீர் இணைப்பு போன்றவை உண்டு; வெப்பமூட்டியோ குளிரூட்டியோ இல்லை.

ஆகவே குவேக்கர்ஸ் ஹில்லில் சொந்த வீட்டில் இருப்பவர் ரிமோட்டில் சூரியன் படமிட்ட பொத்தானை அழுத்தினால் போதும். அந்த இயந்திரமே இல்லாத வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு, அடுத்த குளிர்காலத்திலும் மலிவான ஹீட்டரும் பெரிய மின்கட்டணமுமே காத்திருக்கின்றன.